ஏழாம் வாய்க்காலின் தூர்

ஷாய்-ஷாய், மொசாம்பிக்
4 ஆகஸ்ட் 2005

அன்புள்ள வீபெ,

இதை மின்னஞ்சலில் எழுதாமல் தாளில் எழுதுகிறேன். எங்கள் அலுவலக அஞ்சலை இயக்குநர் நியாந்தும்போவின் செயலர் அச்செடுத்து அவர் மேசையில் வைப்பது வழக்கம். இது அந்த மேசைக்குப் போகக் கூடாது. உங்கள் நாட்டுக்குத் திரும்பும் பயிற்சி மாணவி ஒருத்தியின் பையில் வருகிறது.

நலம் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நேரே சொல்லிவிடுகிறேன். நீங்களும் நானும் சேர்ந்து எழுதிய வடிகால் விதியால் என் அக்கா அமேலியா தன் நிலத்தை இழக்கப் போகிறாள். அக்டோபர் தொடக்கத்தில், குழு வந்து வாய்க்கால்களைச் சரிபார்க்கும் பார்வை நாள். அதற்குள் நீங்கள் எங்கள் இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதினால் நிலம் அவளிடம் நிற்கும். எழுதாவிட்டால் போய்விடும்.

அமேலியாவை நீங்கள் அறிவீர்கள். ஏழாம் வாய்க்கால் ஓரத்தில் நீங்கள் குனிந்து மண்ணை எடுத்து முகர்ந்தபோது, "பாவம், பசி போலிருக்கு, மண்ணத் திங்கறதுக்குள்ள யாராச்சும் சோறு போடுங்கடி" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவள். பிறகு அவளே மரவள்ளி இலையில் சமைத்த மத்தாப்பா கீரை பரிமாறினாள். அவள் கணவன் ஜொகானஸ்பர்க் சுரங்கத்தில் நெஞ்சு கெட்டுத் திரும்பி இறந்தான். மகனும் அதே ஊருக்குப் போனான், செய்தி இல்லை. இப்போது அவளும் படுத்துவிட்டாள். அந்த நோயின் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. மாத்திரை தொடங்கியாயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் எழுந்துவிடுவாள் என்கிறார் மருத்துவர். எழுந்தவள் எங்கே போய் நிற்பாள்?

நம் விதியை நினைவூட்டுகிறேன். "ஒவ்வொரு பாத்தியின் ஓரத்து வாய்க்காலையும் அப்பாத்திக்கு உடையவர் தம் வீட்டுக் கையால் தூர்வார வேண்டும். பார்வை நாளில் தூர்வாரப்படாத பாத்தி, தூர்வார வல்லவருக்கு மாற்றித் தரப்படும்." முதல் வரி உங்கள் தாழ்நிலத்தில் பல நூற்றாண்டுகளாக நின்ற வரி. இரண்டாம் வரி எங்கள் பயிலரங்கில் பிறந்தது. உங்கள் ஊரில் தூர்வாராதவருக்குத் தண்டம் விதிப்பீர்கள். இங்கே தண்டம் கட்டப் பணம் ஏது? ஆகவே பணத்தின் இடத்தில் நிலத்தை வைத்தோம். "தண்டனை இல்லையென்றால் ஒருவரும் சேற்றில் இறங்கமாட்டார்கள்" என்றீர்கள் நீங்கள். நான் தலையசைத்தேன்.

நான் ஏன் இறங்கித் தூர்வாரக் கூடாது என்று கேட்பீர்கள். நான் என் கணவர் வீட்டுப் பெண்; விதியின் கண்ணில் அமேலியாவின் வீட்டுக் கை அல்லேன். மேலும் பார்வைக் குழுவுக்குத் தலைமை தாங்கி வாய்க்கால் நெடுக நடக்கப்போகும் வடிகால் பொறியாளரே நான்தான்.

இயக்குநரிடம் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஏம்மா, முந்நூறு வருஷமா கடலையே தடுத்து நிறுத்தினவங்க எழுதிக் குடுத்தது. அத நீயும் நானும் உக்காந்து திருத்தறதா? அவங்களே சொல்லட்டும், மாத்திக்கிறேன்" என்றார்.

ஆகவே சொல்லுங்கள், வீபெ. நோயுற்றவரின் நிலத்தைப் பறிப்பது உங்கள் முறையன்று என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

எர்சீலியா மக்குவாக்குவா


லேவார்டன், நெதர்லாந்து
22 ஆகஸ்ட் 2005

அன்புள்ள எர்சீலியா,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படிக்க முடியாமல் வீட்டுக்கு எடுத்துவந்து படித்தேன். அமேலியா நலம் பெற வேண்டும். அவர் பரிமாறிய கீரையின் சுவை என் நாவில் இன்னும் இருக்கிறது.

என் நிலையையும் நீங்கள் அறிய வேண்டும். நான் வீபெ டெர்ப்ஸ்ட்ரா என்ற பெயரில் எழுதினால் அது ஒரு தனி மனிதனின் கருத்து. நான் வேலை செய்யும் நீர்வாரியத்தின் முத்திரையோடு எழுதினால்தான் உங்கள் இயக்குநர் மதிப்பார். முத்திரை வேண்டுமானால் அயல்நாட்டு உறவுக் குழு கூட வேண்டும். குழுவினர் அனைவரும் கோடை விடுமுறையில் இருக்கிறார்கள். தலைவர் ஹில்கெ படகில் எங்கோ மிதந்துகொண்டிருக்கிறார். தொலைபேசியில் பிடித்தேன். "வீபெ, தண்ணில இருக்கேன்டா. தண்ணியப் பத்திப் பேச நிலத்துக்கு வந்தப்புறம் கூப்பிடு" என்றார்.

இன்னொன்றும் உண்டு. வாரியத் தேர்தலுக்குப் பிறகு புதியவர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். நம் அறிவுப் பகிர்வுத் திட்டத்தை அவர்கள் 'வீபெயின் வெயில் விடுமுறை' என்று அழைக்கிறார்கள். நிலைத்த வளர்ச்சி, நல்லாட்சி என்று நான் பேசத் தொடங்கினால் ஒருவர் கைக்குட்டையால் நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல் நடிப்பார். விதி தோற்றுவிட்டது என்று நான் சொன்னால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். உங்கள் பள்ளத்தாக்குக்கு வரவேண்டிய மதகுக் கதவுகளும் அத்தோடு நிற்கும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. என் தயக்கத்துக்கு ஒரு முகம் உண்டு என்று காட்டவே சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அண்டை வீட்டார் அமேலியாவுக்காகத் தூர்வாரக் கூடாதா? இங்கே அப்படித்தான் நடக்கிறது. சென்ற ஆண்டு இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஒரு விவசாயியின் வாய்க்காலை நான் பார்வையிடப் போனேன். கண்ணாடிபோல் துப்புரவாக இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் வேலியில் சாய்ந்து நின்றார். "யாரு செஞ்சது?" என்றேன். "வாத்துங்களா இருக்கும்" என்றார். அவருடைய கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. நான் 'சரி' என்று குறித்துக்கொண்டு நகர்ந்தேன். நன்றி சொன்னால்கூட அது படுத்திருப்பவருக்கு இழுக்கு. எங்கள் விதியேட்டில் இது எங்கும் இல்லை. யாரும் எழுதத் தேவையே இருந்ததில்லை.

அமேலியாவுக்கும் அப்படியொரு வாத்து கிடைக்காதா?

உங்கள்
வீபெ


ஷாய்-ஷாய்
6 செப்டம்பர் 2005

வீபெ,

வாத்துகள்.

உங்கள் மடலைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். எங்களுக்கு வரியை எழுதித் தந்தீர்கள். அந்த வரிக்கு உயிர் தரும் வாத்தை உங்கள் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தீர்கள். அறிவைப் பகிர்ந்தோம் என்று நம் இரு கொடிகளையும் அட்டையில் அச்சிட்டு நூல் வெளியிட்டோமே, அந்த நூலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது நனைந்த கால்சட்டை?

இங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். விதி வருமுன் இந்தப் பெண்கள் வாய்க்கால் முழுவதையும் ஒன்றாக இறங்கித் தூர்வாரினார்கள். முதல் நாளே ஒருத்தி வீட்டில் கள் ஊறும். வேலை முடிந்ததும் எல்லோரும் அங்கே உட்கார்ந்து குடிப்பார்கள். சீமா என்பது அதன் பெயர். படுத்திருப்பவளின் ஓரமும் அதில் தானாகத் துப்புரவாகும். எவள் ஓரம் எது என்று எவளும் பிரித்துப் பார்த்ததில்லை. நாம் வந்தோம். முளைக்குச்சி அடித்தோம், எண் எழுதினோம், இது உன்னது அது அவளது என்று வாய்க்காலைக் கூறுபோட்டோம். சீமா அன்றோடு நின்றது. யாரும் தடை போடவில்லை. தன் கூறுக்குத் தண்டனை காத்திருக்கும்போது அடுத்தவள் கூறில் இறங்க எவளுக்கு நேரம் இருக்கிறது?

அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. அதை நீங்கள் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். எங்கள் வழக்கில், எந்த நிலத்தை ஒருவர் தனியாகத் திருத்துகிறாரோ அந்த நிலத்தின்மேல் அவருக்கு உரிமை பிறக்கிறது. கூட்டமாக இறங்கினால் உரிமை யாருக்கும் பிறக்காது, அதற்குத்தான் சீமா. ஒருத்தி தனியே அமேலியாவின் ஓரத்தில் இறங்கினால் ஊர் அதை உதவி என்று படிக்காது. கைப்பற்றல் என்றே படிக்கும்.

பக்கத்துப் பாத்தி சலோமினாவுடையது. அமேலியாவோடு ஒரே ஆண்டில் இந்தப் பள்ளத்தாக்குக்கு மருமகளாக வந்தவள். அவளிடம் கேட்டேன்.

"மம்ட்டியக் கையில புடிச்சுக்கிட்டே மூணு தடவ போய் நின்னேன்" என்றாள். "எறங்க முடியல. சங்கத் தலைவரு மத்தேயுஸ் அந்தப் பக்கமா சைக்கிள்ல போனாரு. 'என்ன சலோமினா, அவ சாகறதுக்கு முன்னாடியே பங்கு பிரிக்கிறியா'ன்னாரு. நான் வீட்டுக்கு வந்துட்டேன்."

பறிபோகும் பாத்தியை யாருக்குத் தருவது என்று முடிவு செய்வது அந்தச் சங்கம். மத்தேயுசின் மைத்துனனிடம் உழவு மாடுகள் இருக்கின்றன, நிலம் இல்லை. இதற்குமேல் நான் விளக்க வேண்டாம்.

சென்ற ஞாயிறு அமேலியா தானே வாய்க்காலுக்குப் போயிருக்கிறாள். எப்படி நடந்தாள் என்று தெரியவில்லை. இடுப்பளவு சேற்றில் நாணலைப் பிடித்தபடி நின்றவளைப் பிள்ளைகள் பார்த்து ஓடிவந்து சொல்லியிருக்கிறார்கள். அவள் இடுப்பில் சுற்றியிருந்த கப்புலானாத் துணியிலேயே கிடத்தித் தூக்கி வந்தோம். அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "என்னடி எஞ்சினியரம்மா, என் ஓரத்துக்கு எவ்ளோ மார்க்கு போட்ட?" என்றாள். நான் அவள் காலைக் கழுவினேன். கால், வீபெ, மண்வெட்டிப் பிடியின் பருமன்தான் இருந்தது.

ஒரு தாள் கேட்கிறேன். அண்டையார் தூர்வாரலாம் என்றும், தூர்வாரினாலும் நிலம் உடையவருடையதே என்றும் இரண்டு வரி. இரண்டும் வேண்டும். ஒன்று போதாது.

எர்சீலியா


லேவார்டன்
21 செப்டம்பர் 2005

அன்புள்ள எர்சீலியா,

குழு நேற்று கூடியது. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு வரிகளையும் அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். முதல் வரியில் எவருக்கும் மறுப்பில்லை. வாத்துக் கதையைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், ஒவ்வொருவரும் தம் ஊர் வாத்தைப் பற்றிச் சொன்னார்கள். காப்பி இரண்டாம் முறை வந்தது. பிறகு இரண்டாம் வரிக்கு வந்தோம்.

சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். "நிலம் யாருதுன்னு இன்னொரு நாட்டுக்கு நாம சொல்றதா? வாய்க்கால் எப்படி வெட்டறதுன்னு சொல்லலாம். நிலத்தப் பத்தி வாயே தெறக்கக் கூடாது. அதெல்லாம் பழைய எசமானங்க பண்ண வேலை."

நான் சொன்னேன்: "நிலம் போகும்னு நாமதானே எழுதினோம். போகாதுன்னு எழுத மட்டும் கூச்சமா?"

"அத அவங்கதான் பயிலரங்குல எழுதினாங்க. நீ பக்கத்துல உக்காந்திருந்த."

ஹில்கெ இடையில் புகுந்தார். "பாருங்க, எல்லாரும் ஒத்துக்கற பகுதிய அனுப்பிடுவோம். ஒத்துக்காதத எடுத்துருவோம். வீபெ, உனக்கு முத்திரை வேணுமா, சண்டை வேணுமா?"

எங்கள் முறையை நீங்கள் இங்கே டெல்ஃப்டில் படித்த நாட்களிலேயே பார்த்திருக்கிறீர்கள். மேசையைச் சுற்றி உள்ள ஒவ்வொருவரும் தலையசைக்கும்வரை பேசுவோம். தலையசையாத சொல்லை நீக்குவோம். அப்படித்தான் இந்த நிலம் கடலுக்கு மேலே நிற்கிறது என்று நம்பி வளர்ந்தவன் நான். நானும் தலையசைத்தேன்.

முத்திரையிட்ட கடிதம் இன்று காலை தூதஞ்சலில் உங்கள் இயக்குநருக்குப் போய்விட்டது. அண்டையார் தூர்வாருவது எங்கள் வழக்கம் என்றும், அப்பணியைப் பார்வைக் குழு ஏற்கிறது என்றும், உங்கள் விதியையும் அவ்வாறே பொருள்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. நிலம் பற்றிய வரி இல்லை. ஆனால் பொருள் தெளிவாகத்தானே இருக்கிறது? ஒருவர் உதவினால் நிலம் கைமாறும் என்று யாரும் படிக்கமாட்டார்கள் என்று ஹில்கெ சொன்னார். அவர் சொன்னபோது அது எனக்கு உண்மையாகத் தோன்றியது. வீட்டுக்கு வந்த பிறகு அப்படித் தோன்றவில்லை. தூதஞ்சல் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். பை கிளம்பிவிட்டது என்றார்கள்.

உங்களையும் அழைத்துப் பார்த்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. இந்த மடல் வந்தடையும்போது நேரம் கடந்திராவிட்டால், சலோமினாவை வாய்க்காலில் இறங்க விடாதீர்கள்.

வீபெ


ஷாய்-ஷாய்
12 அக்டோபர் 2005

வீபெ டெர்ப்ஸ்ட்ரா அவர்களுக்கு,

உங்கள் இருபத்தொன்றாம் தேதி மடல் நேற்றுதான் என் கைக்கு வந்தது. பார்வை நாள் சென்ற வாரம் முடிந்துவிட்டது.

முத்திரையிட்ட கடிதம் உரிய நேரத்தில் வந்தது. இயக்குநர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் மகிழ்ச்சி. "உன் டச்சுக்காரங்க எழுதிட்டாங்கம்மா. பக்கத்துக்காரங்க செய்யலாமாம். போ, நிம்மதியாப் போ." நிலம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இரண்டு வரி கேட்டிருந்தேன். இரண்டும் வந்திருக்கும் என்று நம்பினேன். அன்று பகலிலேயே அரசு வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்குக்கு ஓடினேன். சலோமினாவின் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினேன்.

"பேப்பர்ல இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"நீ பாத்தியா?"

"இயக்குநர் படிச்சுச் சொன்னாரு."

சலோமினா மண்வெட்டியை எடுத்தாள். தன் மகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள். தன் கூறைவிட அமேலியாவின் கூறில் அதிக நேரம் நின்றாள். அடிமண்வரை வழித்து, கரையைக் கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தாள். அமேலியாவிடம் போய், "உன் ஓரத்த முடிச்சுட்டேன், இனிமே நீ தூங்கு" என்றாள். "நீயா செஞ்ச? அப்ப மறுபடி நான்தான் வாரணும்" என்று சிரித்தாள் அமேலியா. அவள் சிரித்து நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பார்வை நாளன்று இயக்குநரும் வந்திருந்தார். நான் முன்னால் நடந்தேன். அமேலியாவின் பாத்திக்கு வந்தோம். வாய்க்கால் வானத்தைக் காட்டியது. நான் 'சரி' என்று குறிக்கப் பேனாவைத் திறந்தேன்.

மத்தேயுஸ் கேட்டார்: "யாரு வாரினது?"

சலோமினா சொன்னாள்: "நான்தான். பேப்பர் வந்திருக்கு."

"தெரியும். நானும் கேள்விப்பட்டேன். பக்கத்துக்காரங்க வாரலாம்னு வந்திருக்கு. நீ வாரிட்ட. ரொம்ப நல்லது. இப்ப இந்த நிலம் யாருதுன்னு ஏதாவது வந்திருக்கா?"

இயக்குநர் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அங்கேயே முழுவதும் படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இல்ல" என்றார்.

"அப்போ விதிப்படிதான். உடையவ வீட்டுக் கை வாரல. வார வல்லவ வாரியிருக்கா. சலோமினா பேருக்கு எழுதுங்க."

நான் பேசினேன். உரக்கப் பேசினேன். இதன் பொருள் இதுவன்று, எழுதியவரை எனக்குத் தெரியும் என்றேன். இயக்குநர் என்னைத் தனியே அழைத்து, "அவங்க எழுதாதத நான் எப்படிம்மா படிக்கிறது? வேணும்னுதான் விட்டிருப்பாங்க. பெரிய நாட்டுக்காரங்க ஒரு வரிய மறந்தா விடுவாங்க?" என்றார். அவர் தீயவர் அல்லர். உங்கள்மேல் அவருக்கு அத்தனை மதிப்பு.

சலோமினா வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வேணாம்" என்றாள். மத்தேயுஸ் காத்திருந்தவர்போல, "வேணாமா? அப்ப சங்கத்துக்கு வருது. சங்கம் வல்லவருக்குக் குடுக்கும்" என்று தம் மைத்துனனைப் பார்த்தார். சலோமினா என்னைப் பார்த்தாள். நான் அவள் காதில் சொன்னேன்: "வாங்கிக்கோ. நீ வாங்கலேன்னா மாடு எறங்கிடும்." வாங்கினாள். மாற்றத்தை எழுதியது என் கை. பார்வை ஏட்டில் எழுத வேறு எவருக்கும் தகுதி இல்லை.

அமேலியாவுக்கு நான் சொல்லுமுன் ஊர் சொல்லிவிட்டது. "என் நிலத்துல எறங்கி என் நிலத்தையே எடுத்துட்டாளா" என்று ஒருமுறைதான் கேட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சலோமினா தினமும் களியும் கீரையும் கொண்டுவந்து வைக்கிறாள். அமேலியா தொடுவதில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை நிற்காமல் வெளியே வந்துவிடுகிறது. நான் சமைத்து ஊட்டினால் இரண்டு வாய். பிறகு உதட்டை மூடிக்கொள்கிறாள். நான் எழுதிய கையாலேயே ஊட்டுகிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒருவர் தலையசைக்கவில்லை என்பதற்காக ஒரு வரியை எடுத்தீர்கள். அந்த மேசையைச் சுற்றி அமேலியா உட்கார்ந்திருந்தால் அவளும் தலையசைத்திருக்க மாட்டாள். அவளுக்காக எதை எடுத்திருப்பீர்கள்?

எ. மக்குவாக்குவா


லேவார்டன்
27 அக்டோபர் 2005

எர்சீலியா,

எதை எழுதினாலும் அது உங்களுக்குப் பயன்படாது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் குழுவின் முன் உரக்கப் படித்தேன். யாரும் நெற்றியைத் துடைத்து நடிக்கவில்லை. ஹில்கெ தரையைப் பார்த்தபடி இருந்தார். அவரும் தீயவர் அல்லர். பிறகு சொன்னார்: "கொடுமைதான். அடுத்த கூட்டத்துல முதல் பொருளா வச்சுக்கலாம்." அடுத்த கூட்டம் டிசம்பரில்.

நான் எழுந்து, அதுவரை காத்திருக்க மாட்டேன், என் பெயரிலேயே அந்த வரியை எழுதுவேன் என்றேன். எழுதினேன். முத்திரை இல்லாமல் மின்னஞ்சலில் அனுப்பினேன். உங்கள் இயக்குநரின் செயலர் மறுநாளே மறுமொழி அனுப்பியிருக்கிறார்: வாரியத்தின் முத்திரைக் கடிதம் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதால் தனிநபர் கருத்து நன்றியுடன் கோப்பில் சேர்க்கப்படுகிறது.

இதைவிடக் கொடிய செய்தியும் இருக்கிறது. ஆண்டறிக்கை அச்சாகி வந்துவிட்டது. நம் கடிதத்தை அதில் 'அண்டையார் ஏற்பாடு' என்று பெயரிட்டு, நாடுகளுக்கிடையே ஆட்சி அறிவைப் பகிர்வதற்கு நல்ல எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கிறார்கள். படத்தில் ஏழாம் வாய்க்கால். கரையில் அமேலியா, கையில் தட்டோடு. அந்தப் படத்தை எடுத்தவன் நான். அச்சுக்கூடத்துக்கு ஓடினேன், கட்டுகள் தூதரகங்களுக்குப் போய்விட்டன. உங்கள் மாநிலத்துக்கு மலாவியிலிருந்து அலுவலர் குழு ஒன்று இந்த முறையைக் கற்க வருகிறது என்று கேள்விப்பட்டேன். அறிக்கையைப் படித்துத்தான் வருகிறார்கள்.

வேலையிலிருந்து விலகும் கடிதம் கொடுத்தேன். ஹில்கெ அதைத் திருப்பித் தந்தார். "நீ போயிட்டா இந்த விஷயத்தப் பேசக்கூட ஆளில்ல, உக்காரு" என்றார். உட்கார்ந்திருக்கிறேன். நவம்பர் பார்வை நாளுக்கு இங்கே வாய்க்கால் நெடுக நடக்க வேண்டும். 'சரி' என்று குறிக்க முடியுமா என்று தெரியவில்லை.

நான் வரட்டுமா? சலோமினாவிடமும் அமேலியாவிடமும் நேரில் சொல்லட்டுமா? ஒரு சொல் எழுதுங்கள். அதன்படி செய்கிறேன்.

வீபெ


ஷாய்-ஷாய்
24 நவம்பர் 2005

வீபெ,

மழை தொடங்கிவிட்டது. இதுவரை உங்களுக்கு மறுமொழி எழுதாததற்குக் காரணம் சினம் அன்று. எழுத என்னிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இப்போது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மலாவி அலுவலர்கள் வந்தார்கள். நல்லவர்கள், குறிப்பேடும் மழைக்காலணியுமாக வந்தவர்கள். டெல்ஃப்டில் நான் இருந்ததுபோலவே இருந்தார்கள். பள்ளத்தாக்கைச் சுற்றிக்காட்டும் பணி எனக்கு. அண்டையார் ஏற்பாட்டைக் காட்டுங்கள் என்றார்கள். ஏழாம் வாய்க்காலுக்குத்தான் அழைத்துப்போக வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். மத்தேயுஸ் சலவைச் சட்டையில் வந்தார். சலோமினாவைப் பாத்தியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அமேலியாவின் பாத்தியில் மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்திருந்தது. சலோமினாதான் விதைத்திருந்தாள். விதைக்காவிட்டால் தரிசு என்று பிடுங்கிக்கொள்வார்கள்.

குழுவில் ஒரு பெண்மணி. எல்லோரும் வாய்க்காலின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தபோது அவர் மட்டும் சலோமினாவின் அருகில் போய்ச் சாதாரணமாகக் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"நல்லா வளந்திருக்கேம்மா. இது உன் நிலமா?"

தலையை மட்டும் ஆட்டச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சலோமினா என்னைப் பார்க்கவில்லை, மத்தேயுசைப் பார்க்கவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"இல்ல. அமேலியாவோடது. அவ படுத்திருக்கா. நான் வாரிக் குடுத்தேன், அதுக்காக எனக்குன்னு எழுதிட்டாங்க. நான் கேக்கல. இது அவளோடது."

அதை மொழிபெயர்க்காமல் விட நான் ஒரு கணம் எண்ணினேன். மெய்யாகவே எண்ணினேன். 'ஆம், என் நிலம்' என்று மாற்றிச் சொல்லியிருந்தால் பாத்தி தப்பியிருக்கும். வீபெ, ஒரு வரியை எடுப்பது அத்தனை எளிது. அந்தக் கணத்தில் உங்களைப் புரிந்துகொண்டேன். பிறகு சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

அந்தப் பெண்மணி குறிப்பேட்டை மூடினார். இயக்குநர் வண்டியில் ஏறிய பின், "டிசம்பர்ல விதிய மறுபடி எடுத்துப் பாக்கணும்" என்று கண்ணாடிச் சன்னலிடம் சொன்னார். உங்கள் டிசம்பரும் எங்கள் டிசம்பரும் ஒரே மாதம்தான் போலும்.

மத்தேயுசுக்கு டிசம்பர் தேவைப்படவில்லை. விருந்தினர் முன்னிலையில், ஏட்டின்படி உடையவளான சலோமினாவே உரிமை மறுத்தாள் என்று சங்கத்தைக் கூட்டி எழுதிவிட்டார். நான் எழுத மறுத்தேன். அவரே சங்க ஏட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் மைத்துனனின் மாடுகள் இறங்கின. முழங்கால் உயரப் பயிரை மடக்கி உழுதுவிட்டான். நிலம் போயிற்று, வீபெ. இனி அதற்காக எவரிடமும் எதுவும் எழுத வேண்டாம்.

சலோமினா சொன்னதை நான் அமேலியாவிடம் சொல்லவில்லை. சொல்லத் துணிவில்லை. அன்று வாய்க்காலில் நின்ற பெண்கள் சொல்லிவிட்டார்கள். நான் போனபோது அமேலியா சுவர்ப்பக்கத்திலிருந்து திரும்பிப் படுத்திருந்தாள்.

"அவளக் கூப்புடு" என்றாள்.

சலோமினா மழையில் நனைந்து வந்து வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. அமேலியா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

"ஏண்டி, தலைய ஆட்டிட்டுப் போயிருக்கலாம்ல? சோளமாச்சும் வந்திருக்கும்."

"ஆட்ட வரல."

"லூசு" என்றாள் அமேலியா. "கொண்டாந்ததக் குடு. ஆறிப்போச்சா?"

சலோமினா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து களியை உருட்டி ஊட்டினாள். அமேலியா முழுவதும் உண்டாள். பார்வை நாளுக்குப் பிறகு அவள் வயிற்றில் மாத்திரை தங்கியது அன்றுதான். மருத்துவர் இப்போது உறுதியாக எதுவும் சொல்வதில்லை. "பார்க்கலாம்" என்கிறார்.

நீங்கள் வர வேண்டாம். வந்தால் ஊர் உங்களிடம் மறுபடி ஏதாவது எழுதிக் கேட்கும். உங்களால் மறுக்க முடியாது. உங்கள் அடுத்த பார்வையில் நடங்கள், அங்கே ஏதேனும் எழுதாமல் கிடந்தால் எழுதிவையுங்கள். எங்களுக்காக அன்று, அடுத்து உங்களிடம் கற்க வரும் நாட்டுக்காக.

சட்டி வழித்து முடித்ததும் சலோமினா சொன்னாள்: "எந்திரிச்சு வா. என் பாத்தில பாதி உனக்கு. நடுவுல ஒரு குச்சி நட்டுக்கலாம்."

அமேலியா கண்ணை மூடியபடி சொன்னாள்: "குச்சி நடாத தாயி. அதப் பாத்தா வந்து அளப்பானுங்க."

எர்சீலியா